எதிர்வாய்

அவள் பேசி முடித்தபோது அறையில் ஒருவரும் இருமக்கூட இல்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. இத்தனை நீளமான மௌனம் தன் பேச்சுக்குக் கிடைக்கும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. இந்நேரம் யாராவது எழுந்து அவளைக் கிழிகிழியென்று கிழித்திருக்க வேண்டும். அதுதான் வழக்கம்.

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவ சொல்றதுல நியாயம் இருக்கே," என்றார்.

கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

மகளிர் பொதுநலக் குழுவில் அவளுக்கு மெல்லிசு என்று பெயர். உடம்பைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, குரலைக் கேட்டு வைத்தது. சரியாகச் சொன்னால், கேட்காமல் வைத்தது. அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நிற்பவள். "சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று இவள் சொன்னால் நோயாளிகள் ஜன்னலுக்குள் காதை நீட்டி, "என்னம்மா?" என்று மறுபடி கேட்டுக்கொள்வார்கள். வீட்டில் அப்படி மறுபடி கேட்கவும் ஆள் கிடையாது.

குழுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. குடிநீர்க் கட்டணமோ, பிரசவ விடுப்போ, தெருவிளக்கோ, அரசு எதைக் கொண்டுவந்தாலும் குழு கூடிப் பேசி ஒரு நிலை எடுக்கும். எடுப்பதற்கு முன்னால் உறுப்பினர்களில் ஒருத்தி அரசின் பக்கம் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டும். மற்றவர்கள் அவளை நொறுக்க வேண்டும். இங்கே நொறுக்கிப் பழகினால்தான் அங்கே அதிகாரிகள் முன்னால் திணறாமல் இருக்கலாம் என்பது தலைவியின் எண்ணம். அப்படிப் பேசுகிறவளுக்கு எதிர்வாய் என்று பெயர்.

எப்போதும் எதிர்வாய் வக்கீலம்மாதான். இந்தத் தடவை அரசு கொண்டுவந்திருந்தது, நட்டத்தில் ஓடும் பஸ்களை நிறுத்தும் திட்டம். நிற்கப்போகும் பஸ்களில் முதலில் இருந்தது, விடிவதற்கு முன்னால் கிளம்புகிற முதல் பஸ். குழு இதை எதிர்க்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மெல்லிசுக்கு அறவே இல்லை. அவள் வேலைக்குப் போவதே அந்த பஸ்ஸில்தான். அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் மருந்து ஜன்னல் திறக்கும் நேரம் தாண்டிவிடும். வேலைக்கு முழுக்குப் போட வேண்டியதுதான்.

அதனால்தான் தலைவி திடீரென்று அவளைக் கைகாட்டியபோது பதறிப்போனாள்.

"நானா? நான் அந்த பஸ்ல போறவ மேடம்."

"போனா என்ன? முழு மனசா பேசு. நடிச்சா எனக்குத் தெரிஞ்சுடும்."

தலைவி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவர் வாயிலிருந்து எது வந்தாலும் வீட்டுப்பாடம் மாதிரியே இருக்கும். மெல்லிசு அதை ஒழுங்காகச் செய்தாள். பாத்திரம் தேய்க்கும்போது யோசித்தாள், மாத்திரை எண்ணும்போது யோசித்தாள். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்று பேரெடுத்தவளுக்குள் இவ்வளவு வாதம் கிடந்தது அவளுக்கே புதுச் செய்தி.

"அந்த பஸ் இருக்கறதாலதான் நம்மள அந்த நேரத்துக்கு வேலைக்குக் கூப்பிடறாங்க," என்றாள் கூட்டத்தில். "பஸ்ஸே இல்லைன்னா வேலை நேரத்தை மாத்தித்தானே ஆகணும்? ஊரே தூங்கும்போது நாம மட்டும் ஏன் இருட்டுல போய் நிக்கணும்? நமக்காக பஸ் விட்டிருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். அப்படி இல்ல. நம்மள அள்ளிக்கிட்டுப் போக ஒரு வண்டி அனுப்பறாங்க, அவ்வளவுதான்."

அந்த மௌனமும் தலைவியின் 'நியாயம் இருக்கே'யும் அதற்குப் பிறகு வந்தவைதான்.

"மேடம், அது எதிர்வாய்," என்று மெல்லிசு சிரிக்கப் பார்த்தாள். "சும்மா சொன்னது."

"சும்மா சொன்ன மாதிரி தெரியலையேடி," என்றாள் தையல்கடை அக்கா. அவள் கண் கலங்கியிருந்தது. "அள்ளிக்கிட்டுப் போக ஒரு வண்டி... எப்படித் தோணுச்சு உனக்கு?"

"தோணலக்கா, உக்காந்து யோசிச்சேன். அது தப்பு. நானே பதில் சொல்றேன், கேளுங்க."

பதில் சொன்னாள். பஸ் நின்றால் வேலை நேரம் மாறாது, வேலைக்கு வருகிற ஆள்தான் மாறும் என்றாள். அது சரியான பதில். ஆனால் அது அவளுடைய சொந்தக் கருத்து. சொந்தக் கருத்தைச் சொல்லி அவளுக்குப் பழக்கம் இல்லை. குரல் தன் பழைய இடத்துக்குத் திரும்பிப் போய்விட்டது.

"என்ன சொல்றா?" என்றது பின்வரிசை.

"ஆளு மாறுமாம்," என்று வக்கீலம்மா எழுந்தார். "மாத்தட்டுமே பாக்கலாம். எல்லாப் பொம்பளைங்களும் அந்நேரத்துக்கு வர முடியாதுன்னுட்டா எவளைக் கொண்டு வருவான்? உன் வாதத்துக்கு உன்கிட்டயே பதில் இல்லம்மா. நானும் இத்தனை வருஷமா எதிர்வாய் பேசறேன், ஒருத்தியைக்கூட அசைச்சதில்ல. நீ என்னையே அசைச்சுட்ட."

திட்டத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவி. கைகள் உயர்ந்தன. "இருங்க, இருங்க" என்று சொல்வதற்காக மெல்லிசும் கையைத் தூக்கினாள். தலைவி அதையும் சேர்த்துக்கொண்டார்.

"ஏகமனதா முடிவாச்சு."

"மேடம், அடுத்த வாரம் இன்னொரு தடவை உக்காந்து—"

"நாளைக்கே போக்குவரத்து அலுவலகத்துல கருத்துக் கேக்கறாங்க. அடுத்த வாரம் யார்கிட்ட போய்ச் சொல்றது? அங்கயும் நீதான் பேசற."

"நானா?"

"உன்னை விட்டா இவ்வளவு உறுதியா பேசறதுக்கு வேற யாரு இருக்கா?"

அன்று வீட்டில் கணவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் ஒரு கையால் சாப்பிட்டு, இன்னொரு கையால் போனைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவள் பேச்சு அவனுக்குக் குழாயில் தண்ணீர் வருகிற சத்தம் மாதிரி. நின்றால்தான் தெரியும். அவளுக்கு ஒரு நப்பாசை. இவனாவது, "உங்களுக்கெல்லாம் பைத்தியமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால், அதைப் பிடித்துக்கொண்டு நாளைக்குக் கூட்டத்தில் எழுந்து மறுத்துவிடலாம்.

"அப்படி என்னதான் பேசின?" என்றான்.

சொன்னாள். பாதியில் அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் பேசும்போது அவன் போனைக் கவிழ்த்து வைத்தது அதுவே முதல் தடவை. அவள் அந்தக் கவிழ்ந்த போனைப் பார்த்தபடியே மிச்சத்தையும் சொல்லி முடித்தாள்.

அவன் சோற்றைப் பிசைந்தான்.

"ஆமால்ல?" என்றான். "உன்னை அள்ளிக்கிட்டுப் போறதுக்கு அவன் யாரு?"

"ஐயோ, நீங்களுமா?"

"இவ்வளவு நாளா எனக்கு இது உறைக்கவே இல்லையே. மனசே ஒரு மாதிரி ஆயிடுச்சு. நீ வேலையை விட்டுடு."

"அதெல்லாம் விட மாட்டேன்!"

"பாத்தியா, எப்படிப் பேசற! நாளைக்கு லீவு போட்டுட்டு நானும் வரேன். உக்காந்து கேக்கணும் போல இருக்கு."

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. எதற்காக இத்தனை வருஷம் ஏங்கினாளோ அது கிடைத்தேவிட்டது. தப்பான வாக்கியத்துக்குக் கிடைத்திருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் கேட்காமலே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். வழக்கமாக வருகிற நாலைந்து பெண்கள் அவரவர் இடத்தில் இருந்தார்கள். யாரும் யாரோடும் பேசுவதில்லை. முகத்தைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அத்துடன் சரி. இப்படிப் பேசாமல் இருந்தே அவர்கள் நெருங்கிப்போயிருந்தார்கள்.

அன்று மெல்லிசு அந்த ஒப்பந்தத்தை மீறினாள். முன் இருக்கையில் இருந்தவள் ஒரு வங்கியைக் கூட்டிப் பெருக்குகிறவள். அவள் தோளைத் தொட்டாள்.

"அக்கா, இந்த பஸ்ஸை நிறுத்தப்போறாங்க. இன்னைக்குக் கூட்டத்துக்கு வந்து, கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

"ஐயய்யோ, எவன் நிறுத்தச் சொன்னான்?"

"நான்தான்," என்று ஆரம்பித்து, என்ன சொன்னோம் என்பதையும் விளக்கினாள். விளக்கியிருக்கக் கூடாது.

அந்த அக்கா நெடுநேரம் வெளியே இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"எங்கக்கா போறீங்க?"

"வீட்டுக்கு. வங்கி பத்து மணிக்குத்தான் திறக்கறான். நான் எதுக்குடி இப்பவே போய்க் கூட்டணும்? எட்டு மணிக்குப் போறேன், என்ன பண்ணிடுவான்னு பாக்கறேன். நல்லா இருப்ப தாயி."

நட்டத்தில் ஓடும் பஸ்ஸில் இன்னும் ஓர் இருக்கை காலியாயிற்று.

இனி ஒரே வழிதான். மோசமாகப் பேசிவிடுவது. ஒருத்தர் காதிலும் விழாமல் பேசிவிடுவது. அந்தக் கலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

மருத்துவமனையில் அனுமதி வாங்கிக்கொண்டு போக்குவரத்து அலுவலகத்துக்கு வந்தபோது அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் போக்குவரத்துத் துறை இயக்குநர், இரண்டு பக்கமும் அதிகாரிகள். முன்வரிசையில் தலைவி, வக்கீலம்மா, தையல்கடை அக்கா. கடைசி வரிசையில் கணவன், தலைவாரிக்கொண்டு வந்திருந்தான். அவள் முறை வந்ததும் இயக்குநரின் பியூன் ஓடிவந்து ஒரு மைக்கை அவள் வாய்க்கு நேராக வளைத்து வைத்தார்.

அவள் போட்ட திட்டத்தில் மைக் இல்லை.

முணுமுணுத்தாள். அந்த முணுமுணுப்பு ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக ரகசியம் சொல்வதுபோல் அரங்கம் முழுக்கப் பரவியது. கடைசி வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. வேறு வழியில்லை, உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

"எனக்கு அந்த பஸ் பிடிக்கும்," என்றாள். "அதுல ஏறி உக்காந்ததுல இருந்து மருத்துவமனை வாசல் வர்ற வரைக்கும் யாரும் என்னை எதுவும் கேக்க மாட்டாங்க. கண்ணை மூடிக்குவேன், ஆனா தூங்க மாட்டேன். தூங்கினா அந்த நேரம் வீணாப் போயிடும். ஒரு நாள்ல எனக்குன்னு இருக்கறது அவ்வளவுதான். பஸ் நின்னுட்டா நான் வேலையையும் விட்டுடணும். இதுதாங்க உண்மை."

இப்போது புரிந்திருக்கும் என்று நினைத்தாள். இனி எந்த மனசாட்சி உள்ளவர் இந்தத் திட்டத்தை ஆதரிக்க முடியும்?

தையல்கடை அக்கா விசும்பினாள். வக்கீலம்மா துள்ளி எழுந்தார்.

"பாத்தீங்களா சார்! தனக்குன்னு இருக்கற ஒரே ஒரு சுகம், அதையும் மத்த பொம்பளைங்களுக்காக விட்டுக்கொடுக்கறா! இதுக்கு மேல என்ன சார் வேணும்?"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது கடைசி வரிசையில் எழுந்து நின்றிருந்த கணவன்தான்.

இயக்குநர் எதிர்ப்புக்குத் தயாராக வந்திருந்தார். குழு என்னென்ன கேட்கும் என்று யோசித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிக் கட்டுக்கட்டாக மேஜையில் வைத்திருந்தார். ஆதரவுக்கு அவரிடம் பதில் இல்லை.

"அப்போ... நீங்க இதை ஆதரிக்கறீங்க?"

"முழு மனசோட," என்றார் தலைவி. "இன்னைக்கே நிறுத்தினாலும் எங்களுக்குச் சம்மதம்."

"இன்னைக்கேவா? கோர்ட்டுக்குப் போற யோசனை ஏதாவது..."

"இனிமே எங்களுக்குக் கோர்ட்டு எதுக்குங்க?" என்று வக்கீலம்மா வாய் நிறையச் சிரித்தார்.

இயக்குநர் தண்ணீர் குடித்தார். அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நேரம் போனது. திரும்பி வந்தபோது அவர் முகம் பேயறைந்ததுபோல் இருந்தது.

"மேலும் ஆழமான ஆய்வு தேவைப்படுவதால், முதல் பஸ்ஸை நிறுத்தும் யோசனை கைவிடப்படுகிறது. அது வழக்கம்போல ஓடும்," என்று படித்துவிட்டு, யாருடைய கண்ணையும் பார்க்காமல் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டார்.

அரங்கம் கொதித்தது.

"எதைச் சொன்னாலும் அதுக்கு நேர் எதிராத்தான் செய்வான்!" என்றார் வக்கீலம்மா. "பஸ்ஸை நிறுத்தற வரைக்கும் விடறதில்ல!" என்றாள் தையல்கடை அக்கா. "அநியாயம், அநியாயம்!" என்று தலைவி மேஜையைத் தட்டியதுதான் எல்லாவற்றையும்விடச் சத்தமாகக் கேட்டது.

மெல்லிசு முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். உள்ளே சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது, தோள் குலுங்கியது. கணவன் வந்து முதுகைத் தடவிக்கொடுத்தான்.

"விடு, கேக்கத் தெரியாத ஜென்மங்க. இரு, தண்ணி வாங்கிட்டு வரேன்," என்று போனான்.

மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த பியூன் அவளருகே வந்து நின்றார்.

"எதுக்கும்மா அழறீங்க? நினைச்ச மாதிரியே முடிஞ்சிருச்சுல்ல?"

"யாரு நினைச்ச மாதிரி?"

பியூன் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

"போன வாரம் உங்க தலைவியம்மா வந்து, 'நாங்க ஒரே ஒரு தடவை சரின்னு சொன்னா உங்க ஐயா என்னப்பா செய்வாரு'ன்னு கேட்டாங்க. 'உள்குத்து ஏதோ இருக்குன்னு பயந்து திட்டத்தையே தூக்கிப் போட்டுருவாரு'ன்னேன். 'அப்போ எங்ககிட்ட பொய் சொல்லவே தெரியாத பொண்ணு ஒருத்தி இருக்கா, அவளையே பேச வெக்கறேன்'னுட்டுப் போனாங்களே, அது நீங்க இல்லையா?"