நான் இலவசமாக நடந்த கதை

எனக்கு ஒரு குணம் உண்டு. சும்மா கிடைக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், அது என்ன ஏது என்று பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. இப்படிப்பட்டவன் கையில், சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஒரு புது போனை வாங்கிக் கொடுத்தாள். அன்றைக்கே சபதம் செய்தேன். உலகத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆப்களை எல்லாம் இறக்கிப் பார்ப்பது. நல்லதாகப் பொறுக்கி வைத்துக்கொள்வது. திருத்தணியிலேயே புத்திசாலி போன் சடகோபனுடையதுதான் என்று பெயர் எடுப்பது.

முதல் வாரம் ஒரே ஆராய்ச்சி. கொசு விரட்டும் ஆப் ஒன்று இறக்கினேன். அது போட்ட சத்தத்தில் கொசு போகவில்லை. என் மனைவி அனுசுயா பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். இலையைப் படம் பிடித்தால் பெயர் சொல்லும் ஆப்பில் முருங்கைக்கீரையைக் காட்டினேன். ஏதோ ஆப்பிரிக்கச் செடி, தொடாதே என்றது. தெலுங்கைத் தமிழாக்கும் ஆப்பை எதிர்வீட்டு கௌரியம்மாளின் முன்னால் நீட்டினேன். அவர் பேசும் வேகம் தாங்காமல் போனே அணைந்துவிட்டது. முகத்துக்கு வயசு கூட்டிக் காட்டும் ஆப் ஒன்று இருந்தது. ஆசையாக என் படத்தைப் போட்டேன். எந்த மாற்றமும் தெரியவில்லை.

"இன்னாங்க, எந்நேரமும் அதையே தேச்சிகினு?" என்றாள் அனுசுயா.

"தேய்க்கல. தேர்ந்தெடுக்கறேன். எல்லாம் ஃப்ரீ தெரியுமா?"

"ஃப்ரீயா குடுக்கறவனுக்கு இன்னா லாபம்?"

"நடுநடுவுல விளம்பரம் காட்டுவான்."

"அதை நீங்க பாப்பீங்களா?"

"பாக்காம விடமாட்டானே."

"அப்ப அவன்தான் உங்களை ஃப்ரீயா வேலைக்கு வெச்சிகினு இருக்கான்."

இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஆப் எதுவும் இன்னும் வரவில்லை.

"உபயோகமா ஒண்ணு போடுங்க. நடக்கறதை எண்ணிச் சொல்லுதாமே, அதைப் போடுங்க" என்றாள்.

விஷயம் இதுதான். சர்க்கரை ஏறிவிட்டது, நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் பொதட்டூர்பேட்டையில் சிநேகிதன் அருள்முருகனின் தறி ஷெட்டில் லுங்கி மடித்துக் கட்டுப் போடுவதை மேற்பார்வை பார்ப்பவன். உட்கார்ந்துகொண்டு பார்த்தால்தான் மேற்பார்வை. தினமும் மலைப்படி ஏறி இறங்கச் சொன்னாள் அனுசுயா. மலைமேல் வரைக்கும் பஸ் போகும்போது படியை ஏன் தொந்தரவு பண்ண வேண்டும் என்று நான் கேட்டேன். அதற்கான பதிலை அவள் சேர்த்து வைத்திருந்தாள். இப்போது சொன்னாள்.

"இனிமே உங்க ஆப்பே சாட்சி. இன்னிக்கு நடந்தா நாளைக்குக் கேரியர்ல சோறு. நடக்கலைன்னா களி."

"மனுஷனை நம்பாம மெஷினை நம்பறியா?"

"ஆங். மெஷின் பஸ்ல ஏறாதே."

எனக்குக் களியைப் பார்த்தாலே தொண்டை தானாக மூடிக்கொள்ளும். மதியச் சோறும் கத்திரிக்காய் காரக்குழம்பும்தான் நான் காலையில் கண் விழிப்பதற்கே காரணம். மறுநாள் கேரியரைத் திறந்தேன். களி. அதற்கு மறுநாளும் களி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே வந்தது.

"இன்னா மாப்ள, ஊட்ல எதுனா கெட்ட சேதியா?" என்று அருள்முருகன் கேட்டான்.

"இருக்குது. உருண்டையா இருக்குது" என்றேன்.

அப்போதுதான் என் ஆராய்ச்சி மூளை விழித்தது. இந்த ஆப்புக்கு நான் நடப்பது எப்படித் தெரிகிறது? அதற்கு என் காலைத் தெரியாது. கண்ணும் கிடையாது. போனைக் கையில் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். உட்கார்ந்த இடத்திலேயே நடந்தேன்! ஆக, அதற்குத் தெரிந்ததெல்லாம் ஆட்டம் மட்டும்தான். ஆனால் கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை விட்டுப்போனது. இவ்வளவு வலிக்கு நடந்தே தொலைத்திருக்கலாம். கிரைண்டர் மேல் வைத்துப் பார்த்தேன். அது சுற்றியது, நடக்கவில்லை. டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துப் பார்த்தேன். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் நான் தூங்கிவிட்டேன்.

கடைசியில் விடை என் மூக்குக்கு முன்னாலேயே டக்கு டக்கென்று ஆடிக்கொண்டிருந்தது. பவர்லூம்! துணியை நெருக்கி அடிக்கும் பலகை முன்னும் பின்னும், முன்னும் பின்னும். லுங்கித் துணியை ஓரத்தில் கிழித்துப் போனைப் பலகையோடு இறுக்கிக் கட்டினேன். ஓடிய எண்ணைப் பார்த்ததும் உடம்பு புல்லரித்தது.

"இன்னா மாப்ள இது?" என்றான் அருள்முருகன்.

"நடந்துகினு இருக்கேன். தொந்தரவு பண்ணாதே."

மறுநாள் கேரியரில் சோறு! அப்பளம் வேறு. அன்றிலிருந்து நான் காலையில் தறியில் ஏறினால் மாலையில்தான் இறங்குவேன். ஆப்புக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சபாஷ் என்றது. பட்டாசு வெடித்தது. பதக்கம் கொடுத்தது. நீங்கள் இதுவரை திருப்பதி வரைக்கும் நடந்துவிட்டீர்கள் என்று ஒருநாள் அறிவித்தது. அனுசுயா அதை எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினாள்.

கௌரியம்மாள் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "காலு திருப்பதிக்கே போய்ட்ச்சி. தொப்பை மட்டும் இன்னும் கெளம்பவே இல்லியே?" என்றார்.

"பின்னாடியே வரும்" என்று சமாளித்தேன்.

அனுசுயா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அதை என்னை விட அதிக ஆர்வமாகத் தட்டித் தட்டிப் பார்த்தாள். நானும் பெருமைப்பட்டேன். கடைசியில் இவளுக்கும் ஆராய்ச்சி ஆசை வந்துவிட்டது!

ஒரு வியாழக்கிழமை பொதட்டூர்பேட்டையில் மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்தினார்கள். ஷெட்டில் அத்தனை தறியும் ஓய்ந்தது. அந்த அமைதி எனக்குப் புதுசு. லுங்கிக் கட்டின் மேல் லேசாகச் சாய்ந்தேன். எழுந்தபோது தறிகள் மறுபடி ஓடிக்கொண்டிருந்தன.

ராத்திரி அனுசுயா போனோடு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு உங்க ஷெட்ல கரண்ட் எப்பப் போச்சு?"

"காலையிலேயே."

"எப்ப வந்துது?"

"சாயந்திரமாத்தான். எதுக்குக் கேக்கறே?"

"நீங்க நடக்கறதும் காலையிலேயே நின்னுபோச்சு. கரண்ட் வந்ததும் மறுபடி கெளம்பி இருக்கீங்க. இந்த ஆப்பு மணிவாரியா படம் போட்டுக் காட்டுதே, நீங்க பாக்கலியா?"

பார்க்கவில்லை. பதக்கத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது வந்து... ஒரே வெயில். ஃபேனும் ஓடல."

"நடக்கறதுக்கு ஃபேன் எதுக்குங்க?"

நான் கூரையைப் பார்த்தேன். அங்கேயும் ஃபேன்தான் இருந்தது.

"மத்த நாள்ல மட்டும் இன்னா வாழுது? காலையில கெளம்பினா ஒரே வேகம். டீக்கு நிக்கல, சோத்துக்கு நிக்கல. இப்பிடி நடக்கறது மனுஷன் இல்லீங்க, தறி."

இதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? லுங்கிக் கிழிசல் முதல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஒரு கச்சேரியே நடக்கும் என்று காதைத் தயார் செய்தேன். ஆனால் அவள் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"போவட்டும் உடுங்க. சொன்ன சொல்லு மாற மாட்டேன். நடந்தா சோறுதான்."

தங்கமான மனைவி! இப்படி ஒருத்தியை ஏமாற்றினோமே என்று மனசு இளகிவிட்டது. மறுநாள் மதியம் கேரியரைத் திறந்தேன். மேல் அடுக்கில் வெள்ளை வெளேரென்று சோறு. பக்கத்தில் கத்திரிக்காய் காரக்குழம்பு, எண்ணெய் மிதந்துகொண்டிருந்தது. கையை உள்ளே விடப்போன நேரம் போன் அடித்தது.

"கேரியரைத் தொறந்தாச்சாங்க?"

"ஆங், இப்பத்தான் தொறந்தேன். அனுசுயா, உன் நல்ல மனசுக்கு..."

"மேல் அடுக்கை அருள்முருகன் அண்ணன்கிட்ட குடுத்துடுங்க. நடந்தது அவரோட தறிதானே? உங்களுது கீழ் அடுக்குல இருக்குது."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அருள்முருகன் கை கழுவிவிட்டு என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.