ஜெராக்ஸ் அக்கா திருத்திய கேள்விகள்

கள்ளக்குறிச்சியிலேயே கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறவர் ஜெராக்ஸ் அக்கா ஒருவர்தான். "ஜெராக்ஸ் எடுக்க முடியுமாக்கா?" என்றால், "முடியும்" என்று சொல்லிவிட்டுச் சும்மா நிற்பார். "எடுத்துக் குடுங்க" என்றால்தான் கை நகரும்.

ஒருநாள் ஒருவர் புகார் மனு ஒன்றை நீட்டி நாலு காப்பி கேட்டார். அக்கா படித்துப் பார்த்தார். "மூணாவது வரி பொய். நாலு காப்பி எடுத்தா பொய் அஞ்சாயிடும், பரவால்லியா?" அவர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்.

அக்காவுக்கு ஆட்டிசம் இருப்பது முப்பது வயதுக்குமேல்தான் தெரிந்தது. அப்போது நான், ஆட்டிசம் உள்ள பெரியவர்களைப் பற்றிய ஓர் ஆய்வுக்குப் படிவம் நிரப்பும் வேலையில் இருந்தேன். 'குடும்பத்தினரிடம் கேட்கவும்' என்று அதில் போட்டிருந்தது. கடையிலேயே அக்காவின் அண்ணனிடம் கேட்டு எழுதி, காப்பி எடுக்க அக்காவிடமே கொடுத்தேன்.

படித்தார். "இது நான்தான?"

"ஆமாங்க்கா."

"நான் இங்கதான இருந்தேன்?"

படிவத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அக்கா விடவில்லை.

"கண்ணப் பாத்துப் பேசுறாங்களான்னு கேட்டுக்கீற. கண்ணப் பாத்தா எனக்கு காது அடைச்சிக்கும். நீ பேசறது கேக்கணுமா, வேணாமா?"

சிவப்புப் பேனாவை எடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் திருத்தினார். வேலை போய்விடும் என்ற பயத்தோடுதான் அதை ஆய்வை நடத்தும் மேடத்திடம் கொண்டுபோனேன். மேடம் இரண்டு தடவை படித்துவிட்டு நேராகக் கடைக்கே வந்தார்.

"இனிமே கேள்வியெல்லாம் நீங்களும் சேர்ந்துதான் எழுதணும். சம்பளமும் உண்டு."

"டியூப் லைட்டு எரியற ரூமு வேணாம். இன்னா கேக்கப் போறீங்கன்னு மொத நாளே காகிதத்துல குடுக்கணும். ஆமா, இல்லன்னு ரெண்டு கட்டம் பத்தாது. 'யோசிச்சி சொல்றேன்'னு ஒண்ணு போடுங்க."

மூன்றையும் மேடம் ஒப்புக்கொண்டார்.

பிறகு அதே ஆய்வுக்காக மலைமேல் இருக்கும் கரியாலூருக்குப் போனோம். அங்கே ஒரு பெண் எங்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அக்கா படிவத்தையும் பேனாவையும் அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தார். நான் இரண்டு முறை ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "சும்மா இரு" என்றார். ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பெண் எழுத ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை.

பஸ்ஸில் எப்போதும் தனியாக உட்காரும் அக்கா, திரும்பும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மலை இறங்கி ஊர் வரும்வரை, வாயாடியான நான் ஒரு வார்த்தை பேசவில்லை.