தாலி வாங்கி வரச் சொன்னார்கள்

புரியாததைப் புரிந்ததாகத் தலையாட்டுகிற வியாதி எனக்கு உண்டு. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை என்னை ஏற்றிவிட்டது இந்தத் தலையாட்டல்தான். அதற்கு மேல் ஏறவிடாமல் பிடித்துத் தள்ளியதும் அதுவேதான். சூசூ, கண்ணா, இதை உங்களுக்குப் பர்மியில் எழுதிக் கொடுத்திருந்தால் ஒரே மூச்சில் படித்துவிட்டு விளையாடப் போய்விடுவீர்கள். தமிழில் எழுதினால் எழுத்துக்கூட்டி மெதுவாகப் படிப்பீர்கள். அப்பா மானம் போன கதையை மெதுவாகப் படித்தால்தான் ருசி.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. இங்கே பர்மாவில், இன்சீனில் மோட்டாரும் டைனமோவும் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஷான் மலைப்பக்கம் போய், ஓடைத் தண்ணீரில் கரண்டு எடுக்கிற சின்ன எந்திரங்களை இரண்டு மூன்று ஊர்களில் பொருத்திக் கொடுத்தேன். அந்த வேலையைப் பார்த்துவிட்டு ஒரு கம்பெனி என்னை இந்தோனேசியாவுக்கு அனுப்பியது. இந்தோனேசியா என்றால் பட்டணம் இல்லை. கலிமந்தான் என்கிற தீவில், மழைக்காட்டுக்குள், ஆற்றோரமாக இருந்த ஒரு ஊர். கடைசிப் பட்டணத்திலிருந்து ஆற்றை எதிர்த்துப் படகில் இரண்டு நாள். கீழே வர ஒரு நாள். இடையில் மரம், மரம், மறுபடியும் மரம்.

மொத்தம் நாற்பது வீடு. எல்லாமே மரக்கால் மேல் நிற்கும். ரப்பர் பால் எடுப்பார்கள், மீன் பிடிப்பார்கள், பிரம்பு வெட்டுவார்கள். பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் உண்டு. அதற்கு மேல் படிக்கப் பட்டணத்துக்குப் போகிறவர்கள் அங்கேயே வேலை தேடிக்கொண்டு திரும்புவதில்லை. திரும்பி வந்த ஒரே ஆள் ரீனா. அவள் மருத்துவச்சிப் படிப்பு முடித்துவிட்டு, சொந்த ஊருக்கே வந்து, ஒரு சின்ன மரவீட்டில் ஊசியும் மருந்துமாக உட்கார்ந்திருந்தாள். அவள் வருவதற்கு முன்னால் பிரசவம் சிக்கலானால் படகில் போட்டுக்கொண்டு பட்டணத்துக்கு ஓடுவார்களாம். எல்லாப் படகும் போய்ச் சேர்ந்ததில்லை.

அந்த ரீனாவுக்குப் பட்டணத்துப் பையன் மார்க்குஸோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மார்க்குஸ் தச்சர். காட்டூருக்கு வந்து குடியிருக்க அவனுக்குச் சம்மதம். அவன் அம்மாவுக்குத்தான் இல்லை. மகனை இருட்டில் விட்டுவிட்டுப் போக மாட்டேன், நான் வந்து இறங்கும்போது அந்த ஊரில் விளக்கு எரிய வேண்டும், எரியாவிட்டால் தாலி ஏறின கையோடு மருமகளைப் பட்டணத்துக்குக் கூட்டிப்போவேன் என்று அந்த அம்மா சொல்லியனுப்பினார். (தாலி என்பது நான் சேர்த்துக்கொண்டது. அந்த வம்புக்குத்தான் வருகிறேன்.)

ஆக, விளக்கு எரிந்தால் ரீனா ஊரில் இருப்பாள். எரியாவிட்டால் நாற்பது வீட்டுக்கும் மறுபடி படகுதான். விளக்கு யார் பொறுப்பு? உங்கள் அப்பா பொறுப்பு. இஞ்சினியர் எந்திரத்தைப் பொருத்திவிட்டு, ஒரு மாதம் பார்த்துக்கொள் என்று என்னை விட்டுவிட்டுப் போயிருந்தார்.

இனி மொழி விஷயம். போன முதல் வாரம் அவர்கள் பேச்சில் ஐந்து சொல் காதில் விழுந்தது. கப்பலுக்குக் 'காபால்' என்றார்கள். பெட்டிக்குப் 'பெத்தி', கடைக்குக் 'கெடாய்', குளத்துக்குக் 'கோலம்', சுருட்டுக்குச் 'செருத்து'. எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. இது தமிழேதான், மழையில் நனைந்து கொஞ்சம் ஊறிப்போயிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். இஞ்சினியர் கொடுத்துவிட்டுப் போன அகராதியை டைனமோவின் ஒரு கால் ஆடுகிறது என்று அடியில் செருகி வைத்தேன். ஊருக்குப் போன் போட முடிந்த அன்று என் அம்மாவிடம், "நம்ம ஆளுங்கதாம்மா" என்று வேறு சொன்னேன்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது. பல்புப் பெட்டியை எலி உருட்டிவிட்டதில் பாதி உடைந்துபோக, புதிது வாங்கப் பட்டணத்துக்குப் படகேறினேன். படகு கரையை விட்டு நகர்ந்துவிட்டது. அப்போது ஊர்த் தலைவர் பாக் அந்தோன் சரிவில் ஓடி வந்தார். (பாக் என்றால் நாம் பர்மியில் பெரியவர்கள் பெயருக்கு முன்னால் 'ஊ' போடுகிற மாதிரி.) மோட்டார் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் கேட்டது.

"தாலி! தாலி!"

சொன்னதோடு, இரண்டு கையாலும் காற்றில் பெரிய வளையம் ஒன்று போட்டுக் காட்டினார். கழுத்து அளவு வளையம்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை பேர் இருக்கும்போது, கல்யாணப் பெண்ணின் தாலியை வாங்கி வரும் பொறுப்பை என்னிடம் கொடுக்கிறாரே. எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, ஆகட்டும் என்று தலையாட்டினேன். அவரும் நிம்மதியாகத் தலையாட்டினார். உலகத்தில் இரண்டு மனிதர்கள் அவ்வளவு திருப்தியாகத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்க மாட்டார்கள்.

பட்டணத்தில் பல்பு வாங்க அரை மணி நேரம் ஆனது. தாலி செய்ய ஒரு நாள். நல்ல பருத்தி நூல் கிடைக்கவில்லை. மீன்வலை பின்னுகிற நூல்தான் கிடைத்தது. மஞ்சளை இடித்துப் பூசினால் நூலில் ஒட்டுவேனா என்கிறது, என் கையில் மட்டும் ஒட்டுகிறது. திரும்பி வந்த இரண்டு நாளும் படகில் உட்கார்ந்து முறுக்குவதும் பூசுவதுமாக இருந்தேன். படகோட்டி என் மஞ்சள் கையையும் முகத்தையும் பார்த்துவிட்டு, காமாலை என்று நினைத்து, சாப்பாட்டைத் தூரமாகவே வைத்தார். நடுவில் ஒரு விரலி மஞ்சளைக் கட்டித் தொங்கவிட்டேன். சொல்லக்கூடாது, அழகாகத்தான் வந்தது.

கல்யாண நாள் காலை பத்து மணிக்குப் போய் இறங்கினேன். அம்மா இன்சீன் சந்தையில் எடுத்துக் கொடுத்த புது லுங்கியைப் படகிலேயே கட்டிக்கொண்டேன். படித்துறையில் ஓலைப் பந்தல் போட்டு, அதில் என் பல்புக்காக ஒரு ஒயரைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஊரே நின்றது. பாக் அந்தோன் கையை நீட்டினார்.

"தாலி?"

பையிலிருந்து வாழை இலைப் பொட்டலத்தை எடுத்து, பிரித்து, இரண்டு கையாலும் பணிவாகக் கொடுத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விரலி மஞ்சளை மோந்து பார்த்தார். ரீனா முன்னால் வந்தாள். அவளுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும், எனக்கும் கொஞ்சம் தெரியும். இது என்ன என்று கேட்டாள். உன் கழுத்தில் கட்டுவதற்கு என்றேன். அவள் ஒரு அடி பின்னால் போனாள்.

பாக் அந்தோன் என் மணிக்கட்டைப் பிடித்து ஓடைப் பக்கம் இழுத்துப்போனார். எந்திரம் சும்மா நின்றது. சக்கரத்தையும் டைனமோவையும் சேர்க்கிற பெல்ட் அறுந்து கீழே கிடந்தது. நான் படகேறிய காலையிலேயே அறுந்திருக்கிறது. அவர் அதை எடுத்து வளையமாகப் பிடித்துக் காட்டி, "தாலி" என்றார். பக்கத்தில் கட்டியிருந்த படகின் கயிற்றைக் காட்டினார். "தாலி." துணி காயப்போடும் கொடியைக் காட்டினார். "தாலி." கடைசியில் தன் காலைத் தூக்கி, கல்யாணத்துக்குப் போட்டிருந்த பூட்ஸின் நாடாவைக் காட்டினார். அதுவும் தாலி.

அந்த ஊரில் கயிறாக இருப்பதெல்லாம் தாலி. அறுபது பேர் முன்னால் இதைத் தெரிந்துகொண்டேன். அகராதியை எடுத்துப் பார்க்கலாமென்றால் அது டைனமோவைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

மாப்பிள்ளை வீட்டுப் படகு வர இன்னும் இரண்டு மணி நேரம். ஊர்க்காரர்கள் கோபப்பட்டிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். யாரும் திட்டவில்லை. ஆளுக்கொரு கயிறு கொண்டுவந்து நீட்டினார்கள். பிரம்புக் கயிறு, வலைக் கயிறு, பன்றி கட்டுகிற கயிறு. எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். எல்லாம் வழுக்கியது. ரீனா கல்யாணச் சட்டையோடு ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் மடியில் ஊர்ப் பிள்ளை ஒன்று, அவள் கையால் பிறந்ததாம், தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வழுக்காமல் பிடிக்கக் கெட்டியான துணி வேண்டும். என் மேல் இருந்த கெட்டியான துணி ஒன்றுதான். அவிழ்த்தேன். (உள்ளே அரைக்கால் சட்டை இருந்தது, சிரிக்காதீர்கள்.) புது லுங்கியை நீளநீளமாகக் கிழித்து, தண்ணீரில் நனைத்துக் கொடுத்தேன். ரீனா ஜடை பின்னுகிற மாதிரி பின்னிக்கொண்டே, அந்த மஞ்சள் கயிறு எங்கள் கல்யாணத்தில் எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். வளையமாக்க இரண்டு முனையையும் சேர்த்துக் கட்ட வேண்டும். படகுக் கயிறு தடிமன். பூட்ஸ் நாடா இழுத்ததும் அறுந்தது. மெல்லிசாக, பலமாக, அறவே அறாத நூல் ஒன்று அங்கே இருந்தது என்றால் அது பாக் அந்தோன் கையில் இருந்தது. மீன்வலை நூல், இரண்டு நாள் நான் முறுக்கியது.

கட்டினேன். கல்யாணங்களில் பார்த்த பழக்கமோ என்னவோ, மூன்று முடிச்சு போட்டேன்.

தண்ணீரைத் திறந்தோம். சக்கரம் சுற்றியது. பெல்ட் கொஞ்சம் தொளதொளவென்றிருந்ததால், ஒரு மூங்கிலை வைத்து நான் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் டைனமோ ஓடியது. அதனால் அதற்குப் பிறகு படித்துறையில் நடந்த எதையும் நான் பார்க்கவில்லை. கல்யாணத்தையும் பார்க்கவில்லை. எல்லாம் பிறகு ரீனா சொன்னதுதான்.

மாப்பிள்ளையின் அம்மா கறுப்புக் குடையோடு இறங்கினாராம். இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, விளக்கு எங்கே. பந்தலில் எரிந்துகொண்டிருந்த பல்பைக் காட்டினார்கள். உச்சி வெயில். பல்பு எரிகிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? அந்த அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, கண்ணாடிக் குமிழ்தான் தெரிகிறது என்றாராம். ரீனா அவர் கையிலிருந்த குடையை மெதுவாக வாங்கி, பல்பின் மேல் தாழ்த்திக் கவிழ்த்துப் பிடித்து, வாங்க என்று கூப்பிட்டாளாம். மாமியாரும் மருமகளும் தலையைக் குடைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்கள். ஊர் முழுக்க மூச்சு விடாமல் குடையைப் பார்த்தது.

"துடிக்குதே," என்றாராம் அந்த அம்மா.

"கிழிச்ச துணியில ஓடுது அத்தே. நிஜ பெல்ட்டு வந்தா நிக்கும்."

"துணி எப்படி அறாம இருக்கு?"

"ஒரு மஞ்சக் கயிறு போட்டுக் கட்டியிருக்கு. பர்மாக்காரர் கொண்டாந்தது. அவங்க ஊர்ல கல்யாணத்துக்குக் கட்டுவாங்களாம்."

"கட்டினா அவுப்பாங்களா?"

"அவுக்க மாட்டாங்களாம்."

குடைக்குள்ளேயே அந்த அம்மா, "அப்ப சரி, இங்கயே இரு" என்றாராம்.

எனக்கு இது எதுவும் தெரியாது. நான் அரைக்கால் சட்டையோடு, மஞ்சள் கையால் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, மாலை வரை நின்றேன். ஒரு அம்மா கையில் சோற்றுத் தட்டோடும் தோளில் ஒரு புதுச் சாரத்தோடும் (நம் லுங்கிதான்) ஓடைக்கு வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். சாரத்தை என் தோளில் போட்டுவிட்டு, மூங்கிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பட்டுச் சட்டையோடு அவர் பெல்ட்டை அழுத்திப் பிடிக்க, நான் திரும்பி நின்று சாரத்தைக் கட்டிக்கொண்டு சாப்பிட்டேன். அவர்தான் மாப்பிள்ளையின் அம்மா என்று சாப்பிட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது. அவர் ஏதோ கேட்டார். முதல் தடவையாக நான் தலையாட்டாமல், புரியவில்லை என்று கையை விரித்தேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா என்பதைக் கையாலேயே கேட்டார்.

அடுத்த வருஷம் தன்லியினில் உங்கள் அம்மாவைப் பெண் பார்க்கப் போனேன். உங்கள் தாத்தா, தம்பிக்கு வெளியூரில் ஏதாவது தொடுப்பு உண்டா என்று நேராகவே கேட்டார். நான் உண்மை பேசுகிறவன் அல்லவா, ஒரு தடவை தாலி கட்டியிருக்கிறேன் என்று ஆரம்பித்துவிட்டேன். தாத்தா எழுந்தேவிட்டார். என் அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் இன்னும் கறுப்பாக இருக்கிறது. முழுக்கதையையும் சொல்லி முடிக்கும்போது, உள்ளே தட்டு கீழே விழுந்த சத்தமும் அதற்கு மேல் சிரிப்புச் சத்தமும் கேட்டது. அப்படிச் சிரிக்கிற பெண்ணைத்தான் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து உங்கள் அம்மாவுக்கு அந்த டைனமோ 'மூத்தவங்க'. நான் ஏதாவது மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தால் போதும், மூத்தவங்க ஞாபகமா என்பாள். அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, இதுதான்.

ரீனா அந்த ஊரிலேயே இருக்கிறாள். மருந்து வைக்கக் குளிர்பெட்டி வந்துவிட்டது. மார்க்குஸ் கரண்டு ரம்பம் வைத்துப் படகு செய்கிறான். படிக்கப் போன பிள்ளைகள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன், ஒரு சிலர்தான் வந்தார்கள். ஆனால் பிரசவத்துக்காக யாரும் படகேறுவதில்லை. கூரையில் சாட்டிலைட் தட்டு ஒன்று வைத்து இப்போது போனில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள்.

போன வாரம் சாயங்காலம் ரீனா கூப்பிட்டபோது நீங்கள் டியூஷனுக்குப் போயிருந்தீர்கள். இங்கே வழக்கம்போல் கரண்டு இல்லை. நானும் அம்மாவும் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அங்கே வீடு முழுக்க வெளிச்சம். அவள் மகள், ஆறு வயது, போனுக்குள் எட்டிப் பார்த்து என்னவோ கேட்டாள். ரீனா சொல்ல மாட்டேன் என்று சிரித்தாள். நான் விடாமல் கேட்டதும் சொன்னாள்: "பாவம், அந்த மாமா ஊரு காட்டுக்குள்ள இருக்கான்னு கேக்கிறா."

நான் அதை உங்கள் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அவள் மெழுகுவத்தியைச் சரிசெய்துகொண்டே, "இதுக்கு மேல ரோஷம் பாக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. மூத்தவங்கள இங்க அனுப்பி வைக்கச் சொல்லுங்க, நான் அனுசரிச்சுப் போய்க்கிறேன்" என்றாள்.