அன்ரன் அண்ணை சொன்னதும் நான் எழுதியதும்

ஒரு மனிதரின் வேலையை, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், எழுத்துப்பிழைகூட இல்லாமல் நான் பறித்திருக்கிறேன். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் கொஞ்சம் யோசித்துச் செய்திருப்பேன். நல்ல எண்ணத்துக்குத்தான் அவசரம் அதிகம்.

துறைமுகத்தில் இறங்கும் கொள்கலன்களுக்குச் சுங்கக் கடதாசி வேலை பார்த்துக் கொடுக்கும் கொட்டாஞ்சேனை நிறுவனம் ஒன்றில் எனக்குக் குழுத்தலைவி பதவி கிடைத்தது. வெள்ளவத்தையில் அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். தேங்காய் அழுகல். (கடைக்காரன்ர பிழை எண்டு விட்டிட்டன்.)

என்னோடு சேர்த்து நாலு பேர், வெவ்வேறு பிரிவுகளிலிருந்து வந்தவர்கள். அன்ரன் அண்ணை கொட்டாஞ்சேனைக்காரர், ஐம்பத்தெட்டு வயது. வேலையிலிருந்து இளைப்பாற இரண்டு வருடம் இருந்தது, கடைசி மகள் படித்துக்கொண்டிருந்தாள். பஸ்லினா கொம்பனித்தெருக்காரி. ருவன் கொலன்னாவைச் சிங்களப் பொடியன், தமிழை எங்களைவிடத் தைரியமாகக் கதைப்பான். "மூண்டு மாசம் பாப்பன். சரிவராட்டி பிரிச்சு விட்டிடுவன்" என்றார் மனேஜர். மூன்று மாதம் எதற்கு, ஒரு கிழமை போதும் என்றேன் நான். (ஆர் கேட்டது?)

பம்பலப்பிட்டியில் அரை நாள் பயிற்சிக்குப் போய் வந்த திமிர் அது. அங்கே எனக்கு ஒரு சான்றிதழும் இரண்டு மீன் ரோல்ஸும் ஒரு தத்துவமும் கிடைத்தன. புதிதாகச் சேர்ந்தவர்கள் தங்கள் பிழைகளை மனம்விட்டுச் சொன்னால், மாதக்கணக்கில் வரவேண்டிய நம்பிக்கை ஒரே நாளில் வந்துவிடுமாம். ரோல்ஸோடு நின்றிருக்கலாம்.

திங்கள் காலை எல்லோருக்கும் பால் விடாத பிளேன்ரீ வரவழைத்தேன். "ஒவ்வொருத்தரும் வேலையில விட்ட ஒரு பிழையைச் சொல்லுங்கோ. இந்த அறைக்குள்ள சொல்லுறது இந்த அறைக்குள்ளயே இருக்கும்." சொல்லிக்கொண்டே லாப்டாப்பைத் திறந்தேன்.

முதலில் என் முறை. "நான் அளவுக்கு மிஞ்சி வேலை செய்யிறனான். அதுதான் என்ர பிழை." (இப்ப நினைச்சாலும் என்ர கன்னத்தில நானே அறையலாம் போல கிடக்கு.) ருவன், காதலிக்கு எடுத்த செல்ஃபியை ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்பியதைச் சொன்னான். பஸ்லினா, தன் கல்யாண அழைப்பிதழ்களில் பழக்கதோஷத்தில் 'அவசரம்' முத்திரை குத்தியதைச் சொன்னாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்புத்தான் அன்ரன் அண்ணையை ஏமாற்றியது.

"ஒம்பது வருசத்துக்கு முந்தி, அப்பிள் வந்த குளிர்க் கொள்கலன் ஒண்டுக்கு பிளக் குத்த மறந்திட்டன். முழுக்க அழுகிப் போச்சு. பயத்தில, கரண்ட் நிண்டதெண்டு எழுதிக் குடுத்திட்டன். இண்டைக்குத்தான் வாய் திறந்து சொல்லுறன்."

அவர் கண் கலங்கியது. ருவன் தோளில் கை வைத்தான். பஸ்லினா தன் பிளேன்ரீயை அவர் பக்கம் தள்ளி வைத்தாள். குழு பிறந்துவிட்டது என்று எனக்குப் புல்லரித்தது. புல்லரித்தபடியே தட்டச்சு செய்தேன்.

எங்கள் தொழிலில் கடதாசி வராவிட்டால், கப்பல் கண்முன்னால் நின்றாலும் வரவில்லை என்றுதான் கணக்கு. எந்தக் கூட்டம் முடிந்தாலும் குறிப்பு எழுதி, மனேஜருக்கும் கணக்காய்வுப் பிரிவுக்கும் பிரதி போடுவது பல் விளக்குவது போன்ற பழக்கம். மத்தியானத்துக்குள் அனுப்பிவிட்டேன். நாலாவது வரி: 'அன்ரன், குளிர்க் கொள்கலன், பொய் அறிக்கை.' பக்கத்தில், உற்சாகம் ஊட்ட, ஒரு சிரித்த முகம்.

வியாழக்கிழமை அவருக்கு விசாரணைக் கடிதம் வந்தது. அந்தப் பொய் அறிக்கையை வைத்து நிறுவனம் காப்புறுதிப் பணம் வாங்கியிருந்தது. நான் மனேஜரிடம் ஓடினேன்.

"வாயால சொல்லியிருந்தா காதில விழேல்ல எண்டு விட்டிருப்பன். எழுத்தில தந்தா நான் என்ன செய்யிறது?" என்றார் அவர்.

அதற்குள் பஸ்லினா ஒரு மனு எழுதி, ருவன் அதைச் சிங்களத்தில் மாற்றி, இரண்டு மணித்தியாலத்தில் எல்லா மாடியிலும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். என்னிடம் மட்டும் கேட்கவில்லை. நானாகப் போய்ப் பேனையை நீட்டினேன்.

"வேணாம் மிஸ். நீங்க எழுதினது போதும்" என்றாள் பஸ்லினா.

மனு எடுபடவில்லை. விசாரணைக்கு முன்பே அன்ரன் அண்ணை தானாக விலகினார். மன்னிப்புக் கேட்கப் போனேன். மேசை லாச்சியைக் காலி செய்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சின்ன வயசில இருந்து சேர்ச்சில பாவசங்கீர்த்தனம் செய்யிறன் பிள்ளை. ஒரு ஃபாதரும் மனேஜருக்குப் பிரதி போட்டதில்லை."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்துக்கொண்டு சொன்னார். அவருடைய மகள் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவளைக் கண்டுவிடுவேனோ என்று இன்றுவரை அந்தக் கடைத் தெருப்பக்கம் நான் போவதில்லை. வெட்கக்கேடு.

எங்கள் குழுவோ அந்த மூன்று மாதமும் பம்பரமாக வேலை செய்தது. இவ்வளவு கெதியாக எப்படி ஒற்றுமையானார்கள் என்று மனேஜர் வியந்தார். என்னைத் திட்டுவதில்தான் என்று நான் சொல்லவில்லை.

வீட்டில் இது பகிடியாகிவிட்டது. என் கணவர் கோப்பை உடைத்தால், "பிரதி போடமாட்டனெண்டு சத்தியம் பண்ணு, சொல்லுறன்" என்பார். அம்மா உட்பட எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன கிழமை என் எட்டு வயது மகள் வகுப்பில் ஒரு பிள்ளையைத் தள்ளி விழுத்தியிருக்கிறாள். தகப்பனுக்கு மூன்று நாளாகத் தெரியும். எனக்கு ரீச்சர் சொல்லித்தான் தெரிந்தது.

"ஏன் செல்லம் அம்மாட்ட சொல்லேல்ல?"

"நீங்க எழுதி எல்லாருக்கும் அனுப்பிப்போடுவீங்களே."

வழக்கம்போலச் சிரிக்கத் தொடங்கி அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் பகிடி விடவில்லை.