பாடும் பெண்கள், 1974

மனிதகுலத்தின் மகத்தான சாதனை எது? நடந்ததை நடந்தபடி விட்டுவிடாமல், துடைத்து மெருகேற்றிக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தியதுதான். இதில் நார்வேயின் ஸ்கார்வோகன் துறைமுக அருங்காட்சியகத்தை யாரும் மிஞ்ச முடியாது. பழைய மத்தி டப்பா தொழிற்சாலைக்குள்ளேயே அதை அமைத்திருக்கிறார்கள். 'அசல் மத்தி வாசனை'கூட உண்டு. ஓஸ்லோவில் தயாரானது, எலுமிச்சை சேர்த்தது.

அதே தொழிற்சாலையில் பதினோரு வருஷம் மீன் அடுக்கிய ஹெர்டிஸ், தன் எழுபத்தாறாவது வயதில், முதல் தடவையாக முன்வாசல் வழியே உள்ளே போனாள். வாசனையை முகர்ந்தாள்.

"நாங்க இப்படி மணந்திருந்தா பஸ்ஸுல பக்கத்துல உக்காந்திருப்பாங்களே!"

அடுத்த சுவரில் ஆளுயரப் படம். முப்பது பெண்கள், வாயைப் பிளந்து, கையை உயர்த்தி. நடுவில் நிற்பது சாட்சாத் ஹெர்டிஸ். கீழே, 'பாடும் பெண்கள், 1974.'

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காப்பாளர் எஸ்பென் பதறி ஓடிவந்தார்.

"தம்பி, இது நான்தான். பாடல, கத்துறேன்."

"மன்னிக்கணும்மா. நிபுணர் குழு ரெண்டு வருஷம் ஆராய்ஞ்சு, பாட்டுதான்னு முடிவு பண்ணியிருக்கு."

"நான் அங்கயே இருந்தேனேப்பா!"

"அதனாலதான் உங்களக் கேக்கல. சம்பந்தப்பட்டவங்க நடுநிலையா இருக்க மாட்டாங்க."

"எனக்குச் சுதியே சேராது. சர்ச்சுல வாய மட்டும் அசைக்கச் சொல்லுவாங்க."

"அது உங்க அடக்கம்."

"முஷ்டிய மடக்கியிருக்கேனே?"

"தாளம்."

"பின்னாடி போலீஸ்காரர் நிக்கிறாரே?"

"ரசிகர்."

ஹெர்டிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். எஸ்பென் பெருந்தன்மையோடு நோட்டைத் திறந்து, 'வாய்மொழி மரபு' என்று தலைப்பிட்டார்.

"சரி, என்னன்னு கத்துனீங்க?"

அவள் கூடத்தின் நடுவே பளபளத்த, டப்பாவுக்கு மூடி அழுத்தும் இயந்திரத்திடம் போனாள். "என்கூட வேலை பார்த்த ஆஸ்லௌக் இங்கதான் நிப்பா" என்று கையை நீட்டினாள். உடனே மணி அலறியது. சிவப்பு விளக்கு சுழன்றது.

"அம்மா, விரல்!" எஸ்பென் பாய்ந்து அவள் கையைப் பிடித்தார்.

"இது ஓடலியே தம்பி?"

"ஓடாட்டியும் பல்சக்கரம் கிழிச்சிடும். அதான் கம்பிவலை போட்டிருக்கோம். ஒரே மத்தியானத்துல முடிஞ்ச வேலை. மனுஷ விரலாச்சே!"

ஹெர்டிஸின் சிரிப்பு நின்றது.

"ஆஸ்லௌக்குக்கு மூணு விரல் போச்சு. மறுநாள் முப்பது பேரும் வேலைய நிறுத்திட்டு வாசல்ல நின்னோம். இந்தக் கம்பிவலையத்தான் கேட்டோம்."

எஸ்பென் அதை எழுதிக்கொள்ளவில்லை.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்கார்வோகனில் மனித விரலுக்கு மதிப்பு இல்லாமல் இல்லை. விரலுக்குரியவர் நுழைவுச் சீட்டு வாங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.