என் மோட்டார் சைக்கிளுக்குச் சுக்கான் வைத்த மேஸ்திரி

முழுக்கு மேஸ்திரி கையில் கொடுத்த பொருள் எதுவும் காய்ந்த நிலையில் திரும்பி வந்ததாகப் பழவேற்காடு ஏரிக்கரையில் எந்த ஊரிலும் சரித்திரம் கிடையாது.

படகு கட்டுகிறவர். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை, அதை நான் மறுக்கவில்லை. ஓட்டை எங்கே இருக்கிறது என்று தண்ணீர்தான் சொல்லும் என்பது அவர் கட்சி. படகுக்கு அது சரி. மனுஷன் அதோடு நின்றாரா? பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கொடுத்தார்கள், ஏரியில் முக்கினார். பள்ளிக்கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்தார்கள், முக்கினார். தோணிரேவில் ஒரு பெரியவர் பல்செட்டு ஆடுகிறது என்று காட்டப் போக, அதையும் ஒரு முழுக்குப் போட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். கடிகாரம் அன்றைக்கு நின்றதுதான். கேட்டதற்கு, "நின்னா இன்னா? ஓட்டை இல்லன்னு தெரிஞ்சிபோச்சில்ல?" என்றார். அப்படி வந்த பெயர். சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

இந்த மனுஷன் எனக்குச் செய்ததை நாற்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாக நெஞ்சில் வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு எழுதித் தீர்த்துவிடுகிறேன். நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

முதலில் என்னைப் பற்றி. படிப்பு மூணாங்கிளாஸ், அதிலும் பாதி. ஆனால் ஒரு கூடை இறாலைக் கையால் ஒரு கிளறு கிளறிவிட்டு, கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்று சொல்லுவேன். எண்ணிப் பாருங்கள், ஒன்று கூடாது, ஒன்று குறையாது. பத்து வயதில் கரையில் கூடை தூக்க வந்தவன், இருபத்தைந்து வயதில் கூடைக்கு விலை சொல்கிறவன் ஆனேன். எவனும் கைதூக்கி விடவில்லை. எல்லாம் இந்த மண்டை.

எழுபத்தாறா, எழுபத்தேழா, அந்த வாக்கில் இறாலுக்கு யோகம் அடித்தது. அதுவரை கருவாட்டோடு கருவாடாகக் காய்ந்து கிடந்த சரக்கு திடீரென்று கப்பலேற ஆரம்பித்தது. மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்தார். பேன்ட், கூலிங்கிளாஸ், மூக்கைப் பொத்திக்கொள்ள ஒரு கைக்குட்டை.

"இந்தப் பக்கத்து ஊருங்களுக்கு ஒரே ஒரு ஏஜென்ட்தான் போடுவேன். மீஞ்சூர் ஸ்டேஷன் பக்கம் எங்க ஐஸ் லாரி ஏழு மணி வரைக்கும் நிக்கும். பொங்கல் கழிஞ்ச முதல் வெள்ளிக்கிழமை யார் சரக்கு முன்னாடி வந்து சேருதோ, அவருக்குத்தான் ஏஜென்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போட்டிக்கு இருந்தவன் சைக்கிள் சுப்பராயலு. உள்ளே நெல் விளைகிற ஊர்க்காரன். மீன் முள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது, வியாபாரத்துக்கு வந்துவிட்டான். நாலு சைக்கிள், நாலு ஆள். டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் என்னைப் பார்த்து, "நீ இன்னாபா பண்ணப்போறே? தலையில தூக்கினு மீஞ்சூர் வரைக்கும் ஓடுவியா?" என்றான். கடையே சிரித்தது.

எனக்கு வந்ததே ஆத்திரம். "நான் மோட்டார்ல வருவேன்டா!" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன வாய்க்கு வண்டி வேண்டுமே! மெட்ராஸில் பழைய இரும்புக் கடைகளில் மூன்று நாள் அலைந்து ஒன்றைப் பிடித்தேன். மோட்டார் சைக்கிள் என்றதும் நீங்கள் நினைக்கிற உருவம் இல்லை. ஆட்டுக்குட்டி உயரம். சக்கரங்கள் சாப்பாட்டுத் தட்டு அளவு. யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் விமானத்திலிருந்து இதைக் குடை கட்டிக் கீழே போடுவானாம், இறங்கின சிப்பாய் மடிப்பைப் பிரித்து ஏறி ஓட்டிக்கொண்டு போவானாம். கடைக்காரர் சொன்ன கதை. பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்றவேண்டிய டூ ஸ்ட்ரோக் இன்ஜின். எனக்குக் கிடைத்தது துருப்பிடித்து, மடித்த வாக்கிலேயே இறுகிப்போய், ஒரு கோணிப்பைக்குள் அடங்கியது. பஸ்ஸில் காலடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் பையைக் காலால் தட்டி, "இன்னா, கோழியா?" என்றார்.

"மோட்டார் சைக்கிள்" என்றேன். பொன்னேரி வரும்வரை அந்த பஸ் சிரித்துக்கொண்டே வந்தது.

பொன்னேரியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவனும் சிரித்தான். சிரிக்காத ஒரே ஆள் முழுக்கு மேஸ்திரி. அதில்தான் ஏமாந்தேன். கோணியைப் பிரித்து, சுற்றிச் சுற்றி வந்து, விரலால் தட்டிப் பார்த்தார்.

"இன்னா மரம் நைனா இது?"

"மரம் இல்ல மேஸ்திரி, இரும்பு."

"இரும்பா?" தாடையைச் சொறிந்தார். "செரி, பரவாயில்ல" என்று மன்னித்துவிட்டார்.

நான் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் என் வண்டி ஏரிக்குள். மேலே அவர் ஒரு காலை வைத்து அமுக்கிக்கொண்டு நிற்கிறார்.

"யோவ் மேஸ்திரி! அது இன்ஜின்யா! உப்புத்தண்ணியில போடுவாங்களா?"

"கத்தாத நைனா. தோ பாரு, டேங்குல மூணு எடத்துல குமிழி வுடுது. கண்ணால பாத்தா தெரிஞ்சிருக்குமா?"

தெரிந்திருக்காதுதான். அதற்காக?

அதற்கப்புறம் அவர் செய்த வேலையைக் குறை சொல்ல மாட்டேன். முழு வண்டியையும் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, ஒவ்வொரு துண்டையும் கிழிந்த பாய்த்துணிமேல் கழற்றின வரிசையிலேயே பரப்பினார். உருளைக்குள் ஒட்டிக்கொண்டிருந்த பிஸ்டனை மண்ணெண்ணெயில் பதினோரு நாள் ஊறப்போட்டு, தினம் ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டு தட்டி வெளியே எடுத்தார். பழைய தோல் செருப்பை வெட்டி பாக்கிங் வைத்தார். செருப்பு என்னுடையது, கேட்காமல் எடுத்தது.

ஆனால் டேங்கு? படகில் பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை அடித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள் இல்லையா, அதையே டேங்கு ஓட்டைக்கும் பூசினார். பெட்ரோல் குங்கிலியத்தைக் கரைத்துவிடும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, கயிறு சுற்றி இழுத்தார். நாலாவது இழுப்பில் இன்ஜின் பிடித்தது. பிடித்ததும் ஒரு வெள்ளைப் புகை கிளம்பியது பாருங்கள், கமகமவென்று கோயில் கர்ப்பக்கிரகம் மாதிரி! தெருவில் போன பொம்பளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். அடுத்த தெரு பீவிம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து, "இன்னிக்கி வியாழக்கிழமகூட இல்லியே, எங்கேர்ந்துபா இவ்ளோ சாம்பிராணி?" என்று கேட்டார்கள்.

"அவனோட மோட்டாருக்கு பக்தி ஜாஸ்தி" என்றான் கூட்டத்தில் நின்ற சுப்பராயலு.

ஐந்து நிமிஷத்தில் பிசின் உள்ளே இறுகி இன்ஜின் செங்கல் ஆகிவிட்டது. மறுபடி கழற்றி, மறுபடி மண்ணெண்ணெய். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரைக் கூட்டிவந்து டேங்கை அடைத்தார்கள். இரண்டாம் தடவை சுத்தமாக ஓடியது. "ஏறு, ஏறு, ஒரு ரவுண்டு வுடு" என்று ஊரே என்னைத் தள்ளியது. அன்றைக்கு அஷ்டமி என்று சொல்லி நழுவிவிட்டேன்.

நீல பெயின்ட் அடியுங்கள் என்று சொல்லியிருந்தேன். மறுநாள் போனால் வண்டி பூராவும் சுறா எண்ணெய்! "உப்புக்காத்துக்கு பெயின்ட்டு நிக்காது நைனா. படகுக்கு இதான் பூசறோம், எந்தக் கொறையும் இல்ல" என்றார். துரு பிடிக்கவில்லை, வாஸ்தவம். பூனை பிடித்தது. பழவேற்காட்டுப் பூனைகள் எல்லாம் என் வண்டியை நக்கிக்கொண்டு கிடந்தன. ஒரு கடுவன் டேங்குமேல் குடித்தனமே வைத்துவிட்டது, நான் கிட்டே போனால் என்னைப் பார்த்துச் சீறுகிறது. யார் வண்டி இது?

இதையெல்லாம் பொறுத்தேன். வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் முன்னால் செய்தாரே, அதை எப்படிப் பொறுப்பது! போய்ப் பார்க்கிறேன், ஹேண்டில்பாரைக் காணவில்லை. அறுத்து எறிந்துவிட்டு, முன்சக்கரத்துத் தண்டிலிருந்து பின்னோக்கி ஒரு நீளக் கட்டையை வைத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு பெரிய மரப்பெட்டி, அதற்குத் தள்ளுவண்டியிலிருந்து ஒரு மூன்றாவது சக்கரம்.

"இன்னாய்யா இது?"

"சுக்கான்."

படகில் பின்னால் உட்கார்ந்து சுக்கான் கட்டையை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் திரும்பும். வலது பக்கம் தள்ளினால் இடது. என் மோட்டார் சைக்கிளையும் அப்படியே தலைகீழாகத் திரும்புகிற மாதிரி செய்து வைத்திருக்கிறார்!

"ஒலகத்துல எவனாவது மோட்டார் சைக்கிளுக்கு சுக்கான் வெப்பானாய்யா?"

"நம்ம ஊர்ல வெப்பாங்க."

"பெட்டி எதுக்கு?"

"சரக்குக்கு."

"சரக்குக்கு நடுவுல ஒக்கார்ற மாதிரி பலகை எதுக்கு?"

"பேலன்ஸுக்கு" என்று சொல்லிவிட்டு பீடி பற்றவைக்கத் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு நான் திட்டியது எதிர்க்கரைக்குக் கேட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை விடிகாலை வலையில் வந்த இறாலைப் பெட்டியில் ஏற்றியாகிவிட்டது. சுப்பராயலுவின் நாலு சைக்கிளும் கிளம்பிப் போய்விட்டன. ஊர் மொத்தமும் கரையில் நின்று என்னையே பார்க்கிறது.

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. சைக்கிளே ஓட்டத் தெரியாது, கூடை வைத்துத் தள்ளிக்கொண்டு போகத்தான் ஒன்று வைத்திருந்தேன். சுக்கானும் பிடித்ததில்லை. படகில் ஏறினால் வாந்தி, அதனால்தான் கூடை தூக்கவே வந்தேன். ஏறி உட்கார்ந்தால் தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஏஜென்சி போனது, இனி இந்தக் கரையில் தலைகாட்ட முடியாது என்று நிற்கிறேன்.

மேஸ்திரி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினார். ஊருக்கே கேட்கிற மாதிரி, "பேலன்ஸுக்கு வெயிட்டான ஆளு வேணும். ஒல்லியான ஆளு ஒக்காந்தா கவுந்துடும். நைனா, நீ ஏறு!" என்றார்.

என் சொந்த வண்டியில், என் சொந்த இறாலுக்கு நடுவில், கழுத்து மட்டும் தெரிய நான் போன கோலத்தை யோசித்துப் பாருங்கள். எதிரில் வந்த பஸ்ஸைப் பார்த்து அவர் கட்டையை பஸ் பக்கமே தள்ளுகிறார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி அழகாக ஓரம் போனது. வழியில் ஒரு தடவை பிளக்கில் கரி பிடித்து நின்றது. லுங்கியில் துடைத்துப் போட்டார், கிளம்பியது. மீஞ்சூர் ரயில்வே கேட்டில் சுப்பராயலு ஆட்களைப் பிடித்துவிட்டோம். கேட் மூடியிருந்தது. ஆள் உயரத்துக்குக் கூடை அடுக்கிய சைக்கிள்கள் எப்படிக் குனியும்? மேஸ்திரி இரண்டு பக்கமும் பார்த்தார். "தலையக் குனி!" என்றார். கேட்கீப்பர் திட்டத் திட்ட, ஆட்டுக்குட்டி உயர வண்டி கம்பிக்குக் கீழே நுழைந்து, தண்டவாளம் தாண்டி, அந்தப் பக்கம் வந்துவிட்டது.

ஐஸ் லாரிக்குப் பக்கத்தில் கம்பெனிக்காரர் நின்றிருந்தார். என் தலைமுடியில் இறால் மீசை தொங்குகிறது, சட்டையில் தண்ணீர் சொட்டுகிறது. அவர் கூலிங்கிளாஸைக் கழற்றி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏஜென்ட் யாருப்பா? ஓட்டுறவரா, பெட்டியில இருக்கிறவரா?"

கேட் திறந்து பின்னாலேயே வந்து சேர்ந்த சுப்பராயலு கத்தினான். "பெட்டியில இருக்கறது ஆளு இல்ல சார், அதுவும் சரக்குதான்! ஐஸ் போட்டு அனுப்பிடுங்க!"

லாரிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கம்பெனிக்காரர் முகத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

மேஸ்திரி வண்டியை விட்டு இறங்கினார். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். பெட்டியின் பக்கத்தில் வந்து கைகட்டி நின்றார்.

"எங்க மொதலாளி சார் இவுரு. இவுரு வண்டி ஓட்ட மாட்டாரு. அதுக்குத்தான் நாங்க இருக்கோம்."

சிரிப்பு நின்றது. கம்பெனிக்காரர் கைக்குட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு, பெட்டிக்குள்ளிருந்த எனக்குக் கை கொடுத்தார். ஏஜென்சி கைக்கு வந்தது.

திரும்பும்போது வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு உனக்கு யாரு சொன்னது?"

"ஆறு வருசமா சைக்கிள தள்ளிக்கினேதானே போறே. ஒரு நாளாவது ஏறி பார்த்திருக்கேனா?"

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே? எதுக்குய்யா நல்லா இருந்த ஹேண்டில்பார அறுத்தே?"

அப்போதுதான் முதல் தடவையாக அந்த மனுஷன் வெட்கப்பட்டுப் பார்த்தேன்.

"எனக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியாது நைனா. சுக்கான்தான் தெரியும். நீ ஓட்டப்போறதில்ல, அப்ப நான்தானே ஓட்டணும்?"

பாதி கட்டின படகுகளைக் கரையில் போட்டுவிட்டு இரண்டு சீசன் எனக்காக வண்டி ஓட்டினார். தினம் என்னைத் திட்டிக்கொண்டேதான் ஓட்டினார். சாகிறவரைக்கும் அவருக்கு நான் நைனாதான். முதலாளி என்று சொன்னது மீஞ்சூரில் அந்த ஒரே ஒரு தடவை. அதற்கப்புறம் எத்தனையோ பேர் என்னை அப்படிக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆனால் நான் முதலாளி ஆனது அவர் சொன்ன அன்றைக்குத்தான்.