ஏழாம் நாள் ஐந்து மணி வண்டி

என்மேல் அன்பும், அதைவிட ஒரு படி கூடுதலாகக் கோபமும் கொண்ட அக்காவுக்கு, தம்பி பணிந்து எழுதுவது. இங்கு நாங்கள் நால்வரும் நலம். நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும். நலம் என்று தொடங்குவதுதான் முறை என்பதால் அப்படி எழுதினேன். இனி வருவது உண்மை.

அக்கா, கிடைத்த முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து பெரியவளை ஒரு மாதத்துக்கு உன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. தப்பு அவளுடையது இல்லை, என்னுடையது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அந்தத் தவளைக்கே அண்ணன். சின்னவளை மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்த அன்று பெரியவள் வாசலில் நின்று, "இது எத்தன நாள் இருக்கும்?" என்று கேட்டாள். "இனி எப்பவும் இருக்கும்மா" என்று ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவள் உதடு பிதுங்குகிறது, என் கையில் துணிமூட்டை, பின்னால் என் மனைவி தையல் வலியோடு படியேறுகிறாள், எனக்கோ பயம். "ஏழு நாள் வச்சுப் பாரும்மா, பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பிடலாம்"னு சொல்லித் தொலைச்சேன். பார்சல் ஆபீஸில், திரும்பிப் போகும் பார்சல்கள் பிரிவில் பதினான்கு வருஷம் உட்கார்ந்தவன் வாயில் வேறு என்ன வரும்? கையெழுத்துப் போட்டு வாங்காத பார்சல் ஏழாம் நாள் ஐந்து மணி வண்டியில் அனுப்பியவருக்கே போய்விடும். லீவு நாட்களில் என் மேசையடியில் விளையாடியே இந்த விதியைக் கரைத்துக் குடித்தவள் பெரியவள். வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிற எங்கள் 'சட்டப்புத்தகம்', பெற்ற தாய்க்குக்கூடக் கையெழுத்தில்லாமல் பார்சலைக் கொடுக்காத மனுஷன், அவளுக்கு நல்ல பழக்கம்.

அன்றிலிருந்து அவள் குழந்தையைத் தொடவே இல்லை. தொட்டால் வாங்கிக்கொண்டதாக ஆகிவிடுமாம். தொட்டில் இருக்கும் அறைக்குள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் போகிறாள். குழந்தை அழுதால், "அப்பா, உங்க பார்சல் அழுவுது" என்று தகவல் மட்டும் வரும். மூன்றாம் நாள் குழந்தையின் பாதத்தை அவள் கைமேல் மெல்ல வைத்துப் பார்த்தேன். ஓடிப்போய் சோப்புப் போட்டுக் கழுவினாள். நேற்று குழந்தையின் துண்டில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. மருத்துவமனை முகவரி, ஒரு பிழை இல்லை. பக்கத்தில் 'கவனம், உடையும்' என்கிற சிவப்புச் சீட்டு வேறு. அதைப் பார்த்து என் மனைவி சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள், அப்புறம் அழுகை நிற்கவே இல்லை.

பெரியவளை உன்னிடம் அனுப்பலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "இப்ப பெரியவள அனுப்பினா, திருப்பி அனுப்புனது தன்னைத்தான்னு நினைப்பா. ஒண்ணு அவகிட்ட உண்மையச் சொல்லுங்க, இல்ல நீங்க போய் உங்க அக்கா வீட்ல இருங்க"ன்னுட்டா. நியாயம்தான். ஆனால் பெரியவளுக்கு இந்த உலகத்தில் பொய்யே சொல்லாத ஆள் நான் ஒருவன்தான். நானும் பொய்யன்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை அக்கா. அதனால்தான் வீட்டுக்காரிக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன்.

இன்று ஏழாம் நாள். மணி நாலு இருபது. லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பெரியவள் வாசல் கதவுக்கு எதிரே முக்காலி போட்டுக் காவல் இருக்கிறாள். பக்கத்தில் குழந்தைக்கென்று கட்டிய பை. இரண்டு உடுப்பு, பவுடர் டப்பா, அவளுடைய ஒற்றைக்காது முயல் பொம்மை. யாரையும் தொட விடாத பொம்மை அது. "அது எதுக்கும்மா?" என்றேன். "வழியில அழுமுல்ல" என்றாள். கொஞ்சம் கழித்து, "வண்டி சில நாள் வராமக்கூடப் போயிடும்லப்பா?" என்கிறாள். இன்று வராது. வராதபோது திரும்பி என் முகத்தைப் பார்ப்பாள். சீக்கிரம் வா.

மாமாவுக்கு என் வணக்கம். உன் முழங்கால் வலி குறையட்டும். பெரியவளுக்கு உன் ஆசி வேண்டும். எனக்கு அதைவிட அதிகமாக வேண்டும்.

இப்படிக்கு,
தவளைக்கு அண்ணனான உன் தம்பி

பி.கு.: மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். வராதே. ஐந்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது வாசல் மணி அடித்தது. நான் எழுவதற்குள் பெரியவள் கதவைத் திறந்துவிட்டாள். வெளியே வண்டி. வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு சட்டப்புத்தகம். "சின்னப் பாப்பா..." என்று அவர் தொடங்கியதுதான் தாமதம், இவள் இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தாள். "இங்க அப்படி யாரும் இல்ல. நீங்க வீடு மாறி வந்துட்டீங்க!" உள்ளே சின்னவள் வீரிட்டாள். "அது டிவி" என்றாள். பொய் சொல்வதில் அப்பனை மிஞ்சிவிட்டாள் அக்கா. அவர் என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் வாயைத் திறக்கவில்லை. "வாங்குறவங்க இல்லன்னு வீட்டுல சொன்னப்புறம் நான் என்ன சார் பண்ண?" என்று குறித்துக்கொண்டு போய்விட்டார். இவள் கதவைத் தாழ்போட்டு ஓடினாள், தொட்டிலுக்குள் இரண்டு கையையும் விட்டுக் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "தொட்டுட்டேன்பா. இனி அனுப்ப முடியாதுல்ல?" என்று கேட்டாள். "முடியாதும்மா" என்றேன். பிறகு போனில் கேட்டேன், அவர் கொண்டுவந்தது நீ சின்னவளுக்கு அனுப்பிய உடுப்புப் பார்சலாம். அது உன்னிடமே திரும்பி வருகிறது. கோபப்படாமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்.